வெளிப்பக்கம் போட்ட தாழ்ப்பாள்

குடியிருப்புப் பராமரிப்புக்கு இப்போது புகார்ச் சீட்டே கிடையாதாம். செல்போனில் புகார் போடுகிறார்கள், ஆள் போகிறான், வேலையை முடித்துப் படம் எடுத்து அனுப்புகிறான், தீர்ந்தது. சேக்காட்டில் எங்கள் தெரு டீக்கடையில் காண்ட்ராக்ட் தச்சர்கள் இரண்டு பேர் பெருமையாகச் சொன்னார்கள். வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே போடுவார் என்று கேட்டேன். "கையெழுத்து இன்னாத்துக்கு அண்ணாத்தே? ஓடிபி வந்துடும்" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. கையெழுத்து இருந்ததால்தான் ஒரு பெண் வெளியே வந்தாள் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் விடுவார்களா? முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள். டீக்கடையில் சொன்னதை எழுதியும் வை என்றாள் என் மனைவி கஸ்தூரி. அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் வீட்டு எண்ணும் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

ஆவடியில் மத்திய அரசு ஊழியர்களுக்கான ஒரு குடியிருப்பில் முப்பத்தோரு வருடம் தச்சு வேலை பார்த்தேன். ஐடிஐ, அப்ரண்டிஸ், தினக்கூலி, பிறகு நிரந்தரம். அந்தக் கதையை இழுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கற்றுக்கொண்டது கதவுகளைப் படிக்கத்தான். எந்தக் கதவு உதை வாங்கியது, எதில் பிள்ளைகள் தொங்கி விளையாடுகிறார்கள், எந்த வீட்டில் கோபம் வந்தால் கதவை அறைகிறார்கள், எல்லாம் கீலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்தத் தலைக்கனத்தோடுதான் அந்த வீட்டுக்கும் போனேன். அங்கே என் கண்ணில் ஒன்றும் படவில்லை.

எங்கள் ஓவர்சியர் சௌந்தரபாண்டியன் திருநெல்வேலிக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. குடியிருப்பவர் அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டில் புகாரை எழுத வேண்டும். இவர் அதைப் பார்த்து கார்பன் வைத்துச் சீட்டு எழுதுவார். நாங்கள் வேலையை முடித்ததும் அதே சீட்டில் அந்த வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவில்தான். பென்சிலில் போட்டு வந்தால் எத்தனை மாடியானாலும் திருப்பி அனுப்புவார். திரும்பி வந்த சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு முறை வாசிப்பார். 'குழாய் ஒழுகல்' என்று இரண்டே சொல் இருந்தாலும் இரண்டு முறை. பிறகு கோந்து தடவிக் கோப்பில் ஒட்டுவார்.

அவருடைய சட்டம் ஒன்று உண்டு. "சிலிப்ல இருக்கதச் செய்யும். சிலிப்ல இல்லாததப் பாக்காதேயும்." இதில் நியாயமும் இருந்தது. நம்மைப் படுக்கையறை வரைக்கும் நம்பி விடுகிறார்கள். ஒரு வீட்டில் பார்த்ததை இன்னொரு வீட்டில் உளறிய பெயிண்டர் ஒருவனால் ஒரு குடும்பமே ரெண்டாகிப் போனதை நானும் பார்த்தவன். ஆகவே நானும் குருடனாக இருக்கப் பழகிக்கொண்டேன். நல்லாவே பழகிவிட்டேன்.

அந்த வீடு பிளாக்கின் கடைசியில், தரைத்தளம். முதல் சீட்டில் இருந்தது இது: 'குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளை அகற்றவும். குழந்தை உள்ளே தாழிட்டுக்கொள்கிறது.' இது வழக்கமான புகார்தான். கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் மாதம் இரண்டு வரும். வீட்டுக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. "வாங்க, வாங்க. செருப்ப அந்த மிதியடி மேல விடுங்க" என்று அன்பாக அழைத்தார். நான் ஸ்க்ரூவைக் கழற்றும் வரை பக்கத்திலேயே நின்றார். ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்துப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். இந்த இடத்தில் தாழ் இருந்ததே தெரியக் கூடாது என்றார். சுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்து வாங்கினேன், வந்தேன்.

இரண்டாவது சீட்டு ஒரு மாதம் கழித்து வந்தது. படுக்கையறையின் தாழ்ப்பாளை உள்பக்கத்திலிருந்து எடுத்து வெளிப்பக்கம் பொருத்த வேண்டும். பூனை உள்ளே போய்விடுகிறதாம். அன்றைக்கு எனக்குப் பேச்சு சுவாரசியம். "பாப்பா ஸ்கூலுக்குப் போயிருக்கா சார்?" என்று கேட்டேன்.

"எந்தப் பாப்பா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

நான் சுற்றிப் பார்த்தேன். ஒரு பொம்மை இல்லை, சின்னச் செருப்பு இல்லை, கொடியில் ஒரு குட்டிச் சட்டை இல்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அந்த வீட்டில் சத்தமே இல்லை. நாற்காலி, முக்காலி, கட்டில், எல்லாவற்றின் கால்களுக்கும் பழைய துணி சுற்றிக் கட்டியிருந்தது. அடுக்களையிலிருந்து ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் மனைவி, என் மகள் வயது. மடித்த துணி ஒன்றை ஸ்டூல் மேல் போட்டு, அதன்மேல் டம்ளரை வைத்தாள். நடந்து வந்ததும் கேட்கவில்லை, வைத்ததும் கேட்கவில்லை. "வீட்ல தொந்தரவு இல்லாம இருக்கணும், அவ்ளோதான்" என்றார் அவர். அவள் கழுத்திலோ கையிலோ ஒரு காயம் இல்லை. நான் பார்த்தேன், இல்லை. அதை வைத்தே என் மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். முட்டாள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கதவில் வேலை செய்தாலும் கடைசியில் கதவின் தலையை, அதாவது மேல்விளிம்பை, உள்ளங்கையால் ஒரு தடவு தடவிப் பார்ப்பேன். பெயிண்டர்கள் அந்த இடத்துக்கு பிரஷ்ஷைக் கொண்டுபோவதே இல்லை. வெறும் மரமாகக் கிடக்கும், மழை ஈரத்தை முதலில் குடிப்பது அதுதான். அன்றும் தடவினேன். அடுக்களை வாசலில் நின்று அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சீட்டு, மேஜிக் ஐ பொருத்த. வாசல் கதவில் வைத்து, வெளியே நிற்பவரை உள்ளிருந்து பார்ப்பார்களே, அந்தச் சின்ன லென்ஸ். அவர் அதைப் படுக்கையறைக் கதவில் வைக்கச் சொன்னார். அதுவும் திருப்பி. ஹாலில் இருப்பவர் அறைக்குள்ளே பார்க்கும்படி. சீட்டிலேயே 'கூடத்திலிருந்து பார்க்கும்படி' என்று எழுதியிருந்தது. துளை போட்டேன், மாட்டினேன். சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க ஒற்றைக் கண்ணை வைத்தேன். அறை வளைந்து தூரமாகத் தெரிந்தது. நட்ட நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். லென்ஸையே பார்த்துக்கொண்டு, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அசையாமல். எப்போது உள்ளே போனாள் என்று எனக்குத் தெரியாது. என் காதுக்குப் பக்கத்தில் அவர் குரல் மெதுவாகக் கேட்டது. "முழுசாத் தெரியுதா?"

"தெரியுது சார்" என்றேன். கையெழுத்து வாங்கினேன். சைக்கிளில் ஏறும்போதுதான் காதில் சொருகியிருந்த பட்டைப் பென்சிலைக் காணோம் என்று தெரிந்தது. திரும்பிப் போக எனக்குத் தைரியம் இல்லை.

அன்று கஸ்தூரியிடம் சொன்னேன். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலை பார்த்தவள். எதையும் மென்று முழுங்கத் தெரியாது.

"யோவ், இன்னா வேல பண்ணிட்டு வந்துகீறே நீ? தாப்பாவ வெளில போட்டா அது ஊடா, லாக்கப்பா?"

"அடிக்கிற மாதிரி ஒண்ணும் தெரியல கஸ்தூரி. காயம் கீயம் ஒண்ணுமில்ல."

"கண்ணாடில பாத்தியே, அந்தப் பொண்ணு இன்னா பண்ணிகினு இருந்திச்சி?"

"நின்னுகினு இருந்திச்சி."

"சும்மாவா?"

"சும்மாதான். என்னையே பாத்துகினு."

மறுநாள் சௌந்தரபாண்டியனிடம் இழுத்து இழுத்துச் சொன்னேன். அவர் மூன்று சீட்டையும் கோப்பில் புரட்டிப் பார்த்தார். "கேட்டத எழுதிருக்காரு, செஞ்சதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்காரு. நமக்கென்ன முனிசாமி" என்றார். ஆனால் கோப்பை உடனே மூடவில்லை. நான் அதோடு விட்டுவிட்டேன். இரண்டு மாதம் விட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மழைக்காலம் வந்தது. குடியிருப்பில் பாதிக் கதவுகள் ஊதிக்கொண்டு நிலையில் சிக்கும் காலம். ஒரு நாளைக்குப் பத்துச் சீட்டு. அதில் ஒன்று அந்த வீட்டின் படுக்கையறைக் கதவு. வழக்கமாக முதலில் தலையைத் தடவி, எங்கே புடைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் இழைப்பேன். அன்று அவசரம். இன்னும் ஆறு வீடு பாக்கி. முக்காலியைப் போட்டு ஏறினேன். தடவவில்லை, பார்க்கவில்லை. இழைப்புளியை வைத்துப் பகுதி பகுதியாக நாலு முறை தள்ளினேன். சுருள் சுருளாகச் சீவல் கீழே விழுந்தது.

ஒரு சுருள் என் சட்டைக் கையில் ஒட்டியது. அதைத் தட்டிவிடப் போனவன் நின்றேன். அதில் எழுத்து இருந்தது. பென்சில் எழுத்து, பொடிப் பொடியாக. 'செவ்வாய். பூட்டு. தண்ணீர் இல்லை.'

கீழே பார்த்தேன். அவள் அறைக்குள் நின்று என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? இரண்டு மாதமாக எழுதி வைத்த ஒரே கடிதத்தை ஒரு மடையன் கிழித்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளால் சத்தம் போட முடியவில்லை. ஹாலில் அவர் இருந்தார்.

இறங்கினேன். சீவலை அள்ளிப் பையில் திணித்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"குப்பையெல்லாம் நீங்க ஏன் அள்ளறீங்க? விட்டுட்டுப் போங்க. அவ கூட்டிடுவா."

"இல்ல சார், புது ரூல். சீவல நாங்களே எடுத்துகினு போணும். சிலிப்புல கீது."

சிலிப்பில் அப்படி ஒரு வரியும் இல்லை. முப்பத்தோரு வருடத்தில் சீட்டை வைத்து நான் சொன்ன ஒரே பொய் அது. அவர் கையை நீட்டினால் சீட்டைக் கொடுக்க வேண்டும். நீட்டவில்லை, தரையைப் பார்த்தார். ஒரு சுருள் உருண்டு அறை நடுவில் கிடந்தது. அவள் ஓரடி எடுத்து வைத்து அதன்மேல் காலை வைத்துக்கொண்டு நின்றாள். எப்போதும் நிற்கிற மாதிரி, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு. அவர் சீட்டை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மீதி ஆறு வீட்டுக்கும் போகவில்லை. வீட்டில் சீவல்களைத் தண்ணீர் தெளித்து நீவி, தரையில் வரிசையாகப் பரப்பினோம். பாதி கிழிந்திருந்தது. மீதியைக் கஸ்தூரிதான் வாய்விட்டுப் படித்தாள். 'ஞாயிறு. அம்மா போன் வந்தது. தூங்குகிறாள் என்றார்.' 'வெள்ளி. டம்ளர் சத்தம். இரவு வரை நின்றேன்.' 'போனை வாங்கிக்கொண்டார்.' 'பக்கத்து வீட்டில் எனக்கு மூளை சரியில்லை என்று சொல்லியிருக்கிறார்.' கடைசியில் ஒரு நீளமான சுருள் முழுசாக இருந்தது. 'எனக்குப் பைத்தியம் இல்லை. கதவுகளைப் பாருங்கள்.'

கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. கதவுகளைச் செய்து கொடுத்தவனே நான்தானே.

மறுநாள் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலரைப் போய்ப் பார்த்தோம். அமுதா என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயது, கண்ணாடி போட்ட பெண். "நான் சொந்தக்காரன்கூட இல்லீங்க மேடம். நான் வந்து சொல்லலாமா?" என்றேன்.

"யார் வேணா சொல்லலாம் ஐயா. நல்ல எண்ணத்தோட சொல்றவங்க மேல கேஸ் போட முடியாது, சட்டத்துலயே இருக்கு."

"அடிச்ச மாதிரி தெரியல மேடம்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அடிச்சாத்தான் வன்முறைன்னு யார் சொன்னா? பூட்டி வைக்கிறது, யார்கிட்டயும் பேச விடாம வைக்கிறது, கையில காசில்லாம வைக்கிறது, பைத்தியம்னு பேர் கட்டுறது, எல்லாம்தான். அந்தப் பொண்ணு தேதி வச்சு எழுதலன்னாலும் கிழமை வச்சு எழுதியிருக்கு பாருங்க. வெளிய வந்ததும் கேட்பாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு." பிறகு கறாராகச் சொன்னார். "அந்த வீட்டுக்குப் போன் பண்ணக் கூடாது. கடுதாசி போகக் கூடாது. அவர்கிட்ட யாரும் புத்தி சொல்லப் போகக் கூடாது. அவருக்கு முன்கூட்டித் தெரிஞ்சா அந்தப் பொண்ணுக்குத்தான் ஆபத்து."

அந்த வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போது வெளிக்கதவில் பூட்டுப் போடுகிறவர். குடியிருப்புக்குள் அதிகாரிகள் வர அலுவலகத்துக்குத் தெரிய வேண்டும். சௌந்தரபாண்டியன் முன்னால் போய் நின்று ஒரு சீவலை நீட்டினேன். அவர் அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாசித்தார். திரும்பவும் ஒருமுறை வாசித்தார். பிறகு கார்பனை எடுத்து வைத்து ஒரு சீட்டு எழுதினார். 'வெளித் தாழ்ப்பாள் அகற்றுதல். அவசரம்.' புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரையே போட்டார்.

பகல் பதினொரு மணிக்குப் போனோம். அமுதா மேடம், ஒரு பெண் போலீஸ், ஓவர்சியர், நான். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. மேடம் தட்டி, தான் யார் என்று சொல்லி, "உங்களுக்கு வெளிய வரணுமா?" என்று கேட்டார். திரும்பக் கேட்டார். அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது. "வரணும்."

போலீஸ் அம்மா தலையசைத்ததும் வாசல் கொண்டியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். படுக்கையறைக்கு முன் நின்றேன். நான் போட்ட தாழ்ப்பாள். எண்ணெய் விட்டு வைத்திருந்தார். சத்தமில்லாமல் திறந்தது. அவள் அறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே ஒரு சதுரக் கல் மட்டும் காலடி பட்டுப் பட்டு வழவழவென்று இருந்தது. "காலடிச் சத்தம் கேட்டா இங்க வந்து நிக்கணும். லென்ஸ்ல முழுசாத் தெரியற எடம் இது ஒண்ணுதான்" என்று மேடத்திடம் சொன்னாள். பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். அந்தக் கல்லைவிட்டு இறங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

என்னைப் பார்த்து, "மேல பாத்தீங்களா?" என்றாள்.

"பாக்காம இழைச்சிட்டேம்மா. பாதி போயிடுச்சி. என்ன மன்னிச்சிடு."

"பரவால்ல. மத்த கதவுலயும் எழுதியிருக்கேன்."

முக்காலியில் ஏறிப் பார்த்தோம். அடுக்களைக் கதவு, குளியலறைக் கதவு, பின்கதவு. ஒவ்வொன்றின் தலையிலும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, அன்று நான் தொலைத்த பட்டைப் பென்சிலின் எழுத்து. அவர் குளிக்கிற பத்து நிமிடமும் கண்ணயர்கிற கொஞ்ச நேரமும்தான் அவளுக்குச் சொந்தம். முக்காலிக் காலுக்கு அவர் கட்டியிருந்த துணியால்தான் அவள் ஏறி இறங்கியது அவருக்குக் கேட்கவில்லை. பெண் போலீஸ் படம் எடுத்துக்கொண்டே வந்தவர், குளியலறை வாசலில் போனைக் கீழே இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் தன் அம்மாவிடம் போய் இருந்தாள். மேடம் நிகழ்வு அறிக்கை எழுதினார். வழக்கு பூந்தமல்லியில் நடந்தது. அவர் அங்கேயும் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தார். தாழ்ப்பாள்களெல்லாம் தான் குடிவருவதற்கு முன்பே அப்படித்தான் இருந்தன, மனைவிக்கு மனநிலை சரியில்லை, கதவில் எழுதியதே அதற்குச் சாட்சி என்றார். சௌந்தரபாண்டியன் கோப்பைத் திறந்து வைத்தார். நாலு சீட்டு, நாலு கையெழுத்து, நாலும் பேனாவில். நீதிபதி அம்மா ஒவ்வொன்றாக வாசித்தார். 'கூடத்திலிருந்து பார்க்கும்படி' என்ற இடத்தில் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அவருடைய வக்கீல் கேட்டார்.

"இதையெல்லாம் பொருத்தியது யார்?"

"நான்தாங்க ஐயா."

"அப்போது உங்களுக்குத் தவறாகத் தெரியவில்லையா?"

"தெரிஞ்சுதுங்க. தெரிஞ்சேதான் கையெழுத்து வாங்கிகினு வந்தேன்."

நான் இறங்கும்போது அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது.

சில வாரத்தில் இடைக்கால உத்தரவு வந்தது. அவர் அவளை நெருங்கக் கூடாது, போனில் பேசக் கூடாது, வழக்கு முடியும்வரை அந்த வீட்டுப் படியேறக் கூடாது. வீடு அவர் பெயரில் ஒதுக்கப்பட்டதாக இருந்தாலும் அவள் அங்கே குடியிருக்கலாம். அம்மாவோடு திரும்பி வந்தாள். அந்த வீட்டிலா இருக்கப் போகிறாய் என்று எல்லாரும் கேட்டார்கள். "நான் ஏன் போகணும்?" என்றாளாம்.

வந்த மறுநாளே அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டில் தன் கையால் எழுதினாள். 'எல்லாத் தாழ்ப்பாள்களும் உள்பக்கம் வேண்டும்.' சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். லென்ஸைப் பிடுங்கி ஓட்டையில் கட்டை அடித்தேன். குளியலறைக்கும் படுக்கையறைக்கும் இருந்ததிலேயே கனமான தாழ்ப்பாளாகப் பார்த்துப் போட்டேன். எண்ணெய் விடவில்லை. ஒவ்வொரு கதவின் தலையையும் தடவினேன், இழைக்கவில்லை. அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். 'டொக்' என்று தாழ் விழுந்தது. அந்த வீட்டில் ஒரு பொருள் போட்டு நான் கேட்ட முதல் சத்தம். திறந்தாள். திரும்பப் போட்டாள். டொக். திரும்பத் திறந்து, திரும்பப் போட்டாள். நான் ஹாலில் நின்றுகொண்டே இருந்தேன். அவளுடைய அம்மா சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

கடைசியாக ஒருமுறை தாழ் விழுந்தது. அப்புறம் திறக்கவில்லை.

"கையெழுத்து வேணும்மா" என்றேன்.

"கீழ தள்ளுங்க" என்றாள் உள்ளிருந்து.

கதவுக்கு அடியில் சீட்டைத் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் கையெழுத்தோடு திரும்பி வந்தது. என் பட்டைப் பென்சிலால் போட்ட கையெழுத்து. சௌந்தரபாண்டியன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு முறை பார்த்தார். பிறகு என்னைத் திருப்பி அனுப்பாமல் கோந்து டப்பாவைத் திறந்தார்.